பாதி விருந்தாளி

கிஹாச்சி கையைச் சற்று முன்னதாக இறக்கிவிட்டதால், ஒடகிரி ஐயாவில் பாதிதான் ஊர் போய்ச் சேர்ந்தது. விருந்தாளி ஏறிய வண்டி தேவதாரு வளைவைக் கடக்கும்வரை வாசலில் நின்று கையசைப்பது அந்த வெந்நீரூற்று விடுதியின் வழக்கம். அன்று முதலாளியம்மா ஷிகெனோவுக்குக் காய்ச்சல். வாசலில் கணக்குப்பிள்ளை கிஹாச்சி மட்டும்தான். அடுப்பில் முள்ளங்கி தீயும் வாசனை வந்தது. வண்டி வளைவை எட்டும் முன்பே கையை இறக்கிவிட்டு உள்ளே ஓடினான். முள்ளங்கியும் தப்பவில்லை.

திரும்பி வந்தபோது ஒடகிரியின் இடது காலணி வாசலில் கிடந்தது. ஊர் போன பாதி மறு வசந்தத்தில் காலமானதாகத் தகவல் வந்தது. மிச்சப் பாதி, அவர் தங்கியிருந்த மூங்கில் அறையிலேயே தங்கிவிட்டது. அந்த அறையின் கூரையில் மட்டும் பனி நிற்காது; மாலையானால், யாரும் இறங்காத தொட்டியில் ஓர் ஆள் அளவுக்கு வெந்நீர் வழியும். ஷிகெனோ தானே உணவுத் தட்டை எடுத்துப் போவாள். தட்டு காலியாகத் திரும்பும்.

"ஆளு பாதின்னாலும் சோறு முழுசா இறங்குது. உங்களை மாதிரியேதான் அண்ணே, வேலை மட்டும் பாதி" என்பாள் சமையற்காரி தொமி.

கிஹாச்சியும் சிரிப்பான். ஆனால் வருடங்கள் போகப்போக ஷிகெனோவின் தலை நரைத்தது. அறையிலிருந்து வரும்போதெல்லாம் அவள் விரல்கள் விறைத்திருந்தன. நல்ல பெண்மணியை ஓர் ஆவிக்குக் கட்டிவைத்த பாவம் தன் கைக்குத்தான் என்று அவன் மருகினான்.

"அவரை ஒழுங்கா அனுப்பி வச்சிரட்டுமாம்மா?"

"இன்னிக்குப் பனி ஜாஸ்தி, இல்ல?"

யாருக்கும் எதையும் மறுத்துப் பேசி அறியாதவள் அவள். அடுத்த வருடமும் கேட்டான். அப்போதும் பனிதான் ஜாஸ்தி.

ஒருநாள் காலை, புறப்படும் விருந்தாளிக்குச் செய்வதுபோல, காலணியின் முனையைச் சாலைப் பக்கம் திருப்பி வைத்துக் குனிந்து வணங்கிக் கையைத் தூக்கினான். காலணி எழுந்து பனியில் ஒற்றைத் தடம் பதித்து நடந்தது. தோள் கழன்றுவிடும்போல் வலித்தது. விடுதியே தீய்ந்தாலும் இறக்குவதில்லை என்று நின்றான். காலணி வளைவை நெருங்கியது.

பின்னால் யாரோ ஓடிவரும் சத்தம். வெறும் காலுறையோடு பனியில் வந்து நின்ற ஷிகெனோ, அவன் கையை இரு கைகளாலும் பிடித்துக் கீழே இறக்கினாள்.

காலணி நின்றது. பிறகு திரும்பி, அவசரமில்லாமல் நடந்து வந்தது. கிஹாச்சி அதன் பனியைத் தட்டி, முனையை உள்பக்கமாக வைத்தான்.

"இனிமே அனுப்பவே வேண்டாமாம்மா?"

"வேண்டாம்" என்றாள் ஷிகெனோ. பனியைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.