மூன்றாம் வளைவு

கோகிலா சிவப்புப் பட்டனை டேப்லெட்டின் திரையில் விரலால் இழுத்து நடுவில் விட்டாள். தொட்டாள். கட்டிலருகே மேசைமேல், தெர்மாகோலில் செதுக்கிய மலைச்சாலையில் ஓடிக்கொண்டிருந்த விரல் நீள பஸ் ஓர் உதறு உதறி நின்றது.

"நின்னுருச்சுப்பா! பாத்தீங்களா?"

கட்டிலில் கிடந்த அப்பா அர்த்தநாரி கண்ணைத் திறந்தார். கொல்லிமலை வளைவுகளில் இருபத்தெட்டு வருடம் பஸ் ஓட்டியவர். பக்கவாதம் அவருக்குக் குழறும் பேச்சையும் வலது ஆள்காட்டி விரலையும் மட்டும் விட்டுவைத்திருந்தது. இனி வீட்டில் வைத்தே பார்த்துக்கொள்ளுங்கள் என்று நேற்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். அந்த ஒரு விரல் அசையும்போதே அவரை ஒரு தரம் மலையிறங்க வைத்துவிட வேண்டும் என்று கோகிலா விடிந்ததிலிருந்து இடத்தைவிட்டு எழவில்லை. கிளம்பு, நில், விளக்கு. மூன்று பட்டன்கள், ஒவ்வொன்றும் அன்னாசித் துண்டு அளவுக்கு.

அவர் திரையை வெகுநேரம் பார்த்தார்.

"ஆரன் எங்க?"

கோகிலா நாக்கைக் கடித்துக்கொண்டாள். இந்த மலையில் ஆரன் அடிக்காமல் எந்த டிரைவர் வளைவில் திருப்புவான்? அதைப் போய் மறந்திருந்தாள்.

"ஆரனில்லாத வண்டிய நா எடுக்க மாட்டேன், கண்ணு."

உதிரிச் சாமான் பெட்டியைத் தரையில் கவிழ்த்தாள். கீச்சிடும் சின்ன ஒலிப்பான் ஒன்று கிடைத்தது. ஒயரைப் பற்றவைத்து, திரையில் மஞ்சள் பட்டன் ஒன்றைச் சேர்த்தாள். அவர் தொட்டார். சத்தமே இல்லை. பஸ் சரசரவென்று பின்னால் போனது.

"ஆரனடிச்சா பின்னால போற பஸ்ஸ இப்பத்தான் பாக்குறேன்." அவர் மார்பு சிரிப்பில் குலுங்கியது. எத்தனை நாளாயிற்று!

"நல்லா ஓட்டுனீங்க, அப்பனும் புள்ளையும்," என்று சமையலறையிலிருந்து அம்மா கலைச்செல்வி குரல் கொடுத்தாள். "கஞ்சி ஆறுது."

கோகிலா ஒயரை மாற்றினாள். இப்போது பஸ் ஒவ்வொரு வளைவிலும் தானாக நிற்கும். ஆரன் அடித்தால்தான் நகரும்.

"அடிச்சுட்டு உடனே எடுத்தரக் கூடாது," என்றார். "எதுக்க வண்டி ஏறுனா, எறங்குறவன்தான் நிக்கோணும்."

"சரிங்க, டிரைவர் சார்!"

முதல் வளைவு. கீங். பஸ் திரும்பியது. கோகிலா கைதட்டினாள். இரண்டாவது. கீங். துள்ளிய துள்ளலில் திருகாணி டப்பா கவிழ்ந்து உருண்டது.

"இன்னும் ஒண்ணுதாம்ப்பா! அப்பறம் அடிவாரம்!"

மூன்றாம் வளைவில் பஸ் நின்றது. திரையில் 'ஆரன் அடிக்கவும்' என்று எழுத்து மினுங்கியது.

"அடிங்கப்பா."

விரல் மஞ்சள் பட்டனை ஒட்டிக் கிடந்தது.

"அப்பா, அடிங்க."

கஞ்சிக் கிண்ணத்தோடு வந்த கலைச்செல்வி நிலைப்படியிலேயே நின்றுவிட்டாள்.

பிற்பகல் மூன்று மணிக்கு அர்த்தநாரியுடன் கண்டக்டராக ஓடிய அப்பாசாமி மாலையோடு வந்தார். கட்டிலை வெளியே எடுக்க, மேசையை நகர்த்த வேண்டியிருந்தது. அவர் குனிந்து பஸ்ஸைப் பார்த்தார். திரையைப் பார்த்தார்.

"பாதியில நிக்குதே, சாமி. ஒரு ஆரனடிச்சு எறக்கி உட்டரட்டுமா?"

"வேண்டாங்க மாமா," என்றாள் கோகிலா. "எதுக்க வண்டி ஏறுது."

அப்பாசாமி நீட்டிய விரலை மடக்கிக்கொண்டார். இருவருமாக மேசையைச் சாயாமல் தூக்கிச் சுவரோரம் வைத்தார்கள். வளைவில் பஸ்ஸின் இரண்டு சின்ன விளக்குகளும் எரிந்துகொண்டிருந்தன.