குளவிப் பெட்டியின் நான்காம் விசை

பத்தாயிரம் புள்ளி எடுத்தால் ஒரு கப்பல் சும்மா கிடைக்க வேண்டும். சோலைமலை பதினோராயிரத்து நானூறு எடுத்தும் கிடைக்கவில்லை. கடைசிக் கப்பலும் எரிந்து ஆட்டம் முடிந்த பிறகும் அவன் கைப்பிடியை விடாமல் நின்றான்.

"அண்ணே, என் கப்பல் எங்க?"

ரேடியோ திருத்தும் மேசையிலிருந்து எழுந்து வந்த பத்திநாதனுக்கும் தெரியவில்லை.

அது 1982. ஹட்டனிலிருந்து டிக்கோயாவுக்குப் போகும் வீதியில் பத்திநாதனின் ரேடியோக் கடை இருந்தது. அதன் முன்னறையில் ரெமிக்கோ என்ற கொழும்புக் கம்பனி ஒரு வருடத்துக்கு முன் ஒரு வீடியோ கேம் பெட்டியைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தது. பெட்டியின் நெற்றியில் நீளமான ஆங்கிலப் பெயர் ஒன்று இருந்தது. அதை யாரும் சொல்வதில்லை. திரையின் மேலிருந்து பூச்சிகள் வரிசை கட்டி வந்து திடீரென்று தலைகுப்புறப் பாயும். கீழே இருக்கும் சின்னக் கப்பல் அவற்றைச் சுட வேண்டும். கொழுந்து எடுக்கும்போது கூடு கலைந்து ஓடியவர்களுக்கு அந்தப் பூச்சி என்னவென்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. குளவிப் பெட்டி என்றார்கள். குளவியைத் திருப்பி அடிக்கும் வாய்ப்பு மலையில் வேறெங்கும் இல்லாததால் ஞாயிற்றுக்கிழமைகளில் லிந்துலையிலிருந்தும் அக்கரப்பத்தனையிலிருந்தும்கூட பஸ் ஏறி வந்தார்கள்.

அவர்களில் சோலைமலைதான் முதல் ஆள். தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து அரைக்கும் இயந்திரத்தைப் பார்த்துக்கொள்பவன். எந்த உருளைக்கு எண்ணெய் வற்றியிருக்கிறது என்பதைச் சத்தத்தை வைத்தே சொல்வான். ஆகவே அவன் ஒரு பெட்டியில் கோளாறு என்றால் அதைத் தட்டிக்கழிக்க முடியாது.

பெட்டிக்குள் மாயம் எதுவும் இல்லை. மேலே ஒரு தொலைக்காட்சிக் குழாய். கீழே ஒரு தகரக் கூட்டுக்குள் பச்சை நிறத் தகடு; அதில் பதித்த கறுப்புச் சில்லுகள்தான் மூளை. கைப்பிடியின் அடியில் நான்கு சிறு தகடுகள் இருக்கின்றன. இடப்பக்கம் சாய்த்தால் ஒன்று தொடும், மூளை கப்பலை இடப்பக்கம் நகர்த்தும். இனாம் கப்பலும் அப்படித்தான். புள்ளி பத்தாயிரத்தைத் தாண்டியதா என்று மூளை பார்க்கும், தாண்டியிருந்தால் ஒன்றைக் கூட்டும். கூட்ட மறந்துபோக அதற்கு வழியே இல்லை.

பத்திநாதன் முதலில் கைப்பிடியின் தொடுதகடுகளைப் பெற்றோல் தொட்ட துணியால் துடைத்தார். பிறகு மின்சாரத்தை அளந்தார். தொழிற்சாலைகளின் மோட்டார்கள் ஓடும் வேளையில் டவுன் விளக்குகள் மங்குவது வழக்கம்; அதற்காக மின் அழுத்தத்தைச் சமன்செய்யும் பெட்டி ஒன்றைப் பொருத்தினார். பனி இறங்கி ஈரம் பிடித்திருக்குமோ என்று தகரக் கூட்டின் பக்கத்தில் பதினைந்து வாட் பல்பு ஒன்றை இரண்டு நாள் எரியவிட்டார். உள்ளே சூடாயிற்று. கப்பல் வரவில்லை. மீதி இருந்தது தகரக் கூடு மட்டும்தான். அதற்குப் பூட்டு உண்டு, சாவி கம்பனியிடம்.

"யாராச்சும் உள்ளுக்குக் கை வச்சாங்களா அண்ணே?" என்று சோலைமலை கேட்டான்.

"அந்தோனியார் மேல சத்தியமா யாரும் கை வைக்கல," என்றார் பத்திநாதன்.

அவர் அதை நம்பித்தான் சொன்னார். மூன்று கிழமைக்கு முன்பு கம்பனியின் திருத்துநர் மரியநாயகம் தூசி தட்ட வந்திருந்தான். லிந்துலைப் பையன்தான், கொழும்பில் வேலை. வந்ததும் ஒரு பிளேன்டீ கிடைக்குமா என்று கேட்டான். எதிர்க்கடைக்குப் போய்ச் சொல்லி, கையோடு வாங்கி வர பத்திநாதனுக்கு ஏழு நிமிடம் ஆனது. வரும்போது தகரக் கூடு பூட்டியிருந்தது. தேநீர் ஆறிப்போகும் என்று வேகமாக நடந்ததைத் தவிர அந்த ஏழு நிமிடத்தைப் பற்றி அவர் எதுவும் நினைக்கவில்லை.

கம்பனிக்குக் கடிதம் எழுதினார். இரண்டு கிழமையில் ஆங்கிலத்தில் தட்டச்சு செய்த பதில் வந்தது. "எமது அன்பான ரசிகர்களுக்கு" என்று தொடங்கியது. பெட்டியில் எந்த மாற்றமும் செய்யப்படவில்லை என்றும், ரசிகர்களின் திறமை வளர வளர எதிர்பார்ப்பும் வளர்வது இயற்கை என்றும், அவர்களின் ஆதரவுக்கு நன்றியாகத் தீபாவளிக்கு முற்றிலும் புதிய ஆட்டம் ஒன்றை அனுப்புவதாகவும் சொன்னது. பத்திநாதன் அதைத் தமிழில் எழுதிப் பெட்டியின் மேல் ஒட்டினார். சத்தியத்துக்குச் சாட்சியாகக் கடிதமும் வந்துவிட்டது என்று அவருக்கு நிம்மதி.

தீபாவளிக்கு முந்தைய கிழமை புதிய பெட்டி வந்தது. பக்கப் பலகைகளில் நெருப்புக் கக்கும் பறவைகள் வரைந்திருந்தன. திரையில் குளவிகள் சிவப்பாக இருந்தன. சோலைமலை ஒரு நிமிடம் ஆடினான்.

"ரெண்டாவது வரிசையில மூணாவது குளவி முதல்ல இடப்பக்கம்தான் பாயும், பழைய பெட்டியில," என்றான். சிவப்புக் குளவிகளில் மூன்றாவது இடப்பக்கம் பாய்ந்தது. "புதுப் பொடவை கட்டிக்கிட்டு அதே குளவி."

எல்லோரும் சிரித்தார்கள். பத்திநாதனால் சிரிக்க முடியவில்லை. சோலைமலை தொடர்ந்து ஆடியபோது, பத்தாயிரத்தில் இதிலும் கப்பல் வரவில்லை.

மறுநாள் மரியநாயகம் பழைய பெட்டியை ஏற்றிப்போகவும் புதியதைச் சரிபார்க்கவும் வந்தான். வழக்கம்போல் பிளேன்டீ கேட்டான். பத்திநாதன் வாசலில் நின்றபடியே எதிர்க்கடைக்குக் குரல் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்து, அவன் பக்கத்தில் குந்திக்கொண்டார். மரியநாயகம் கொஞ்ச நேரம் திருப்புளியைத் துடைத்தான். பிறகு வேறு வழியில்லாமல் புதிய பெட்டியின் தகரக் கூட்டைத் திறந்தான்.

பச்சைத் தகட்டின் ஓரத்தில் நீல நிறக் கட்டை ஒன்று இருந்தது. அதில் அரிசி அளவில் எட்டு வெள்ளை விசைகள்.

"இது என்னாப்பா?"

மரியநாயகத்துக்கும் தொழில் மேல் ஆசை உண்டு. சொல்லத் தொடங்கியதும் நிறுத்த முடியவில்லை. பெட்டி செய்தவர்களே இந்த எட்டையும் வைத்திருக்கிறார்கள். முதல் இரண்டும் எத்தனை கப்பலோடு ஆட்டம் தொடங்க வேண்டும் என்பதற்கு. நான்காவது இனாம் கப்பலுக்கு. மேலே தள்ளினால் பத்தாயிரத்தில் வரும், கீழே தள்ளினால் இருபதாயிரத்தில். ஐந்தாவது குளவியின் வேகம். விசையை மாற்றினால் மட்டும் போதாது, மின்சாரத்தை ஒருமுறை நிறுத்திப் போட வேண்டும். மூளை கண் விழிக்கும்போதுதான் விசைகளைப் படிக்கும். நான்காவது கீழே இருந்தது.

"அப்ப ஒண்ணும் மாத்தலன்னு கடிதம் வந்துச்சே?"

"கடிதம் எழுதுறவரு வேறண்ணே, திருப்புளி புடிக்கிறவன் வேற. போட்ட ஒரு காசுக்கு ஒரு ஆளு அஞ்சு நிமிசத்துக்கு மேல நின்னு ஆடக்கூடாதுன்னு எனக்குச் சொன்னாங்க. ஒண்ணும் மாத்தலன்னு எழுதச் சொல்லி அவருக்குச் சொல்லியிருப்பாங்க. ரெண்டு பேரும் ஒழுங்காத்தான் வேலை செஞ்சிருக்கோம்."

போகும்போது அவன் மேசை மேல் ஒரு சாவியை வைத்தான். தன்னிடம் இரண்டு இருப்பதாகவும், ஒன்று எப்படியும் தொலையும் என்றும் சொன்னான்.

அடுத்த ஞாயிறு பத்திநாதன் எல்லோர் முன்னாலும் நடந்ததைச் சொன்னார். நான்காம் விசையை மேலே தள்ளிவிட்டதாகவும் சொன்னார். சோலைமலை ஆடினான். பத்தாயிரத்தில் மணி ஒலித்தது, கப்பல் வந்தது. ஆனால் யார் முகத்திலும் சந்தோசம் இல்லை.

"சத்தியம் பண்ணினீங்க, வரல," என்றான் சோலைமலை. அவன் கோபமாகப் பேசவில்லை, அதுதான் மோசமாக இருந்தது. "இப்ப உள்ளுக்கு என்னமோ செஞ்சேன்னு சொல்றீங்க, வருது. அடுத்த ஞாயித்துக்கிழமை என்னா சொல்வீங்களோ. சாவியும் இப்ப உங்ககிட்டதானே அண்ணே இருக்கு."

பத்திநாதன் திகைத்துப் போனார். பெட்டி பழுதில்லாமல் ஓடுகிறது. ஆனால் பழுது தீரவில்லை. பழுது எங்கே இருக்கிறது என்று எந்த மீட்டராலும் அளக்க முடியவில்லை.

அது பெட்டியோடு நிற்கவும் இல்லை. கப்பல் களவெடுத்தவர் என்று அவருக்குப் பெயர் வந்தது. ரேடியோ திருத்துபவனின் பிழைப்பு முழுதும் அவன் சொல்லில் இருக்கிறது. உள்ளே எந்த வால்வு போயிற்று என்பதை அவன் மட்டும்தான் பார்க்கிறான். மற்றவர்கள் அவன் சொல்வதைக் கேட்டுத் தலையாட்டுகிறார்கள். இப்போது தலையாட்ட ஆள் இல்லை. பழுதான ரேடியோக்கள் திருத்தத் தலவாக்கலைக்குப் போயின. இன்னும் இரண்டு மாதம் இப்படிப் போனால் கடையைப் பூட்டிவிட வேண்டியதுதான் என்று அவருக்குத் தெரிந்தது.

ஒரே ஒரு ரேடியோ வந்தது. நாகலெட்சுமியுடையது. டிக்கோயாப் பக்கத்துத் தோட்டத்தில் கொழுந்து எடுப்பவள். வேக விரல்காரி என்பதால் குளவிப் பெட்டியில் சோலைமலைக்கு அடுத்த ஆள். அவள் ரேடியோவைக் கொடுத்துவிட்டுப் போகவில்லை. முக்காலியை இழுத்து மேசைக்கு எதிரே உட்கார்ந்து, கழற்றும் ஒவ்வொரு ஆணியையும் தன் பக்கம் வைக்கச் சொன்னாள்.

"என்னாக்கா, என் மேல அவ்வளவு சந்தேகமா?"

"சந்தேகம் இருந்தா தலவாக்கலைக்குப் போயிருப்பேன் தம்பி. பாத்துக்கிட்டு இருந்தா நம்பவும் வேணாம், சந்தேகப்படவும் வேணாம். சும்மா இருக்கலாம்."

பிறகு கொழுந்து நிறுக்கும் தராசைப் பற்றிச் சொன்னாள். அவர்கள் மலையில் தராசின் முகம் எப்போதும் கணக்கப்பிள்ளையின் பக்கம்தான் இருக்கும். அவர் எடையைக் கூவிச் சொல்வார், இவர்கள் முதுகுக்குப் பின்னால் முணுமுணுப்பார்கள். தினமும் சண்டை. ஒருநாள் பெண்கள் எல்லோரும் சாக்கைத் தூக்கிக் கொடுக்க மாட்டோம் என்று உட்கார்ந்துவிட்டார்கள். தராசைத் திருப்பி மாட்டினார்கள். இப்போது முள் எல்லோருக்கும் தெரிகிறது.

"எடை கூடுச்சா அக்கா?"

"ஒரு ராத்தல் கூடல. முந்தியும் அந்தாளு சரியாத்தான் நிறுத்திருக்காரு போல, பாவம். சண்டைதான் நின்னுச்சு."

பத்திநாதன் திருப்புளியைக் கீழே வைத்துவிட்டுக் குளவிப் பெட்டியைப் பார்த்தார். நெருப்புக் கக்கும் பறவைகள் வரைந்த பக்கப் பலகைக்கு நேர் உள்ளேதான் தகரக் கூடு இருந்தது.

அன்றைக்கே மரம் அறுக்கும் வாளை எடுத்தார்.

அடுத்த மாதம் மரியநாயகம் மறுபடி வந்தான், ஞாயிறு பகலில். கப்பலைத் திரும்பவும் இருபதாயிரத்துக்குத் தள்ளும்படி கம்பனி சொல்லியிருந்தது. பெட்டியின் பக்கத்தில் பன்னிரண்டு பேர் நின்றார்கள். அவன் பிளேன்டீ கேட்டான். யாரும் அசையவில்லை.

"மாத்துங்க தம்பி, அது கம்பனிப் பெட்டி," என்றான் சோலைமலை. "முதல்ல தாளுல மாத்தி எழுதிப்புட்டு மாத்துங்க."

மரியநாயகம் எழுதினான். திகதியும் போட்டான். பிறகு எல்லோரும் பார்க்க நான்காம் விசையைக் கீழே தள்ளி, மின்சாரத்தை நிறுத்திப் போட்டான். ஆட்டம் முன்பைவிடக் கடினமாயிற்று. ஒருவரும் குறை சொல்லவில்லை. மூன்றாம் ஞாயிறு சோலைமலை இருபதாயிரத்து முந்நூறு எடுத்தான், கப்பல் வந்தது. அதற்குள் ரேடியோக்களும் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்திருந்தன. கொண்டுவந்தவர்கள் முக்காலியைத் தாங்களே இழுத்துப் போட்டுக்கொண்டார்கள். பத்திநாதனின் சொல்லை யாரும் மறுபடி நம்பத் தொடங்கவில்லை. அதற்குத் தேவை ஏற்படவில்லை. ரசிகர்களின் திருப்தி கூடியிருப்பதாகவும் அதற்குச் சிவப்புக் குளவிகளே காரணம் என்றும் ரெமிக்கோ எழுதியது.

அவர் செய்தது இவ்வளவுதான். பக்கப் பலகையில் சிலேட் அளவுக்கு ஒரு துளை வெட்டி, தகரக் கூட்டின் மூடியை எடுத்துவிட்டு, துளைக்குக் கண்ணாடி போட்டார். ஈரம் காய வைத்த அதே பதினைந்து வாட் பல்பை எட்டு விசைகளுக்கும் மேலே வெளிச்சம் விழும்படி மாட்டினார். எந்த விசை எந்தப் பக்கம் இருந்தால் என்ன நடக்கும், இப்போது எந்தப் பக்கம் இருக்கிறது என்று ஒரு தாளில் தமிழில் எழுதிக் கண்ணாடியின் பக்கத்தில் ஒட்டினார். இனி வேலை இல்லாத சாவியைப் பெட்டியின் நெற்றியில் ஆணி அடித்து, எல்லோர் கண்ணிலும் படும்படி தொங்கவிட்டார்.