கயல்விழியின் மூன்று சாவு

புலம்பெயர்ந்து வந்த ஊரான வோபர்னில், ஒரு கோப்பிக் கடையில் குறிப்புக் கொப்பியை விரித்த பேர்ணடெற்றுக்குத் தலை சுற்றியது. போருக்குத் தாங்களாகவே போய்ச் சேர்ந்த பெண்களின் காலாட்படையில் அவளும் ஒருத்தியாக இருந்தவள். அதன் வரலாற்றை எழுதப் புறப்பட்டவள், கொப்பியில் ஒரே கயல்விழியை மூன்று தரம் சாகடித்திருந்தாள்: முல்லைத்தீவில், கிளிநொச்சியில், ஆனையிறவில்.

முல்லைத்தீவில் செத்த முதலாவது கயல்விழியின் அக்கா யோகமலர் எதிரே இருந்தார்.

“செத்தவள் எப்பிடிப் பிள்ளை திரும்பச் சாகிறது? விசர்க் கதை கதைக்கிறாய்!”

“ஒருத்தி செத்தா அவளின்ர இயக்கப் பேரைப் புதுசா வாற பிள்ளைக்கு வைப்பினம் அக்கா. எங்களுக்குள்ள சொந்தப் பேர் ஒருத்திக்கும் தெரியாது. மூண்டு பேரின்ர சண்டையும் ஒண்டாக் கலந்துபோச்சு. எந்தக் காயம் ஆருக்கெண்டு எனக்கே விளங்கேல்லை.”

யோகமலர் கொப்பியைப் பறித்துப் பார்த்தார்.

“அப்ப ஆனையிறவுக்குப் பிறகு ஆருக்கு வைச்சவங்கள்? அவள் எங்க செத்தவள்?”

கொப்பியில் மூன்று சாவுக்கும் கீழே நாலாவது வரி வெறுமையாகக் கிடந்தது.

“எனக்குத்தான் வைச்சவை அக்கா.”

யோகமலர் கொப்பியை மூடி வைத்தார். பிறகு மெல்ல, “கயல்...” என்று கூப்பிட்டார்.

எந்தக் கயல்விழியைக் கூப்பிடுகிறார் என்று விளங்குமுன்பே பேர்ணடெற்றின் வாய் சொல்லிவிட்டது: “ஓம் அக்கா.”