திருநீறு பூசிய திரை

கம்ப்யூட்டருக்கு மூளை உண்டு என்று விற்றவன் சொன்னதும், அப்படியானால் நெற்றியும் இருக்க வேண்டுமே என்று முடிவு கட்டிவிட்டார் சங்கரநாராயணன் அண்ணாச்சி. தென்காசியில் டைப் அடித்துக் கொடுக்கும் கடை வைத்திருந்தவர் அவர். எண்பத்தெட்டில், குற்றாலத்தில் சாரல் தொடங்கிய நேரத்தில், மிஷினை இறக்கித் தேங்காய் உடைத்தார். திருநீற்றைக் குழைத்துத் திரையின் மேல்பகுதியில் மூன்று பட்டை இழுத்தார். நடுவில் சந்தனம், அதன்மேல் குங்குமம்.

"ஆயுதபூசை வரைக்கும் இதை ஒருத்தரும் தொடக் கூடாது" என்றார்.

பட்டைக்குக் கீழே மிச்சமிருந்த திரையில் வேலை பார்த்தவள் குழல்வாய்மொழி. அம்மாவோடு பீடி சுற்றிக்கொண்டே டைப்பிங் பாஸ் செய்தவள். இந்த வேலை போனால் மறுபடி பீடித்தட்டுதான். அந்தப் புகையிலை வாடை அவளுக்கு ஆகவே ஆகாது.

திறப்பு நாளில், மிஷினைப் பூட்டிக் கொடுக்க வந்த மதுரை இன்ஜினியர் முதலில் அடித்தது அண்ணாச்சி மகளின் கல்யாணப் பத்திரிகை. பிறகு பெயர்களையெல்லாம் எடுத்துவிட்டு, ஓரத்தையும் இடைவெளியையும் அப்படியே வைத்து ஒரு மாதிரியாக்கிக் கொடுத்தான். எந்தக் காகிதம் அடிப்பதென்றாலும் மாதிரியின் பிரதி ஒன்றைத் திறந்து அதற்குள்தான் அடிக்க வேண்டும். வியாபாரிகள் சங்கக் கூட்டத்துக்கு நோட்டீஸ் அடித்தாள். உறுப்பினர்கள் பிள்ளைகுட்டிகளோடு வந்து சேர்ந்தார்கள். குற்றால சீசன் என்பதால் யாரும் சந்தேகப்படவில்லை.

வம்பு வக்கீல் வல்லிநாயகத்தால் வந்தது. தன் கட்டிடத்தில் துண்டுக்கடை வைத்திருந்த அப்துல் ஜப்பாரை முப்பது நாளில் காலி செய்யச் சொல்லி, அண்ணாச்சி கடையில் இங்கிலீஷில் அடித்த நோட்டீஸ் விட்டார். மூன்றாம் நாள் ஜப்பார் மனைவி ராபியாவோடும் மச்சான்மாரோடும், கையில் அல்வாப் பொட்டலத்தோடும் வக்கீல் வீட்டில் வந்து இறங்கினார். நோட்டீஸின் அடியில், குடும்பத்தோடும் நண்பர்களோடும் வந்திருந்து சிறப்பிக்க வேண்டும் என்று இருந்தது.

"மேல உள்ளது கோவத்துல எழுதினது வக்கீலய்யா. கீழ உள்ளதுதான ஒங்க மனசு" என்றார் ஜப்பார்.

வக்கீல் அல்வாவைத் தின்றுவிட்டு நேரே கடைக்கு வந்து குதித்தார். "சாயங்காலத்துக்குள்ள தப்பு எங்கன்னு தெரியணும். இல்லைன்னா யாரையாவது வீட்டுக்கு அனுப்பும்."

"மிஷினு பூசை போட்ட மிஷினு. தப்பு செய்யாது" என்று அண்ணாச்சி குழல்வாய்மொழியைப் பார்த்தார்.

அவள் மாதிரியைத் திறந்து அடியில் தேடினாள். திரையின் அடியில் ஒன்றுமில்லை. காகிதத்தின் அடியில் மட்டும் வரி வந்து நின்றது. வெள்ளைத்தாளை அடித்துப் பார்த்தால் வெள்ளைத்தாளும் விருந்துக்குக் கூப்பிட்டது. அண்ணாச்சி பிரிண்டருக்கு எலுமிச்சம்பழம் சுற்றினார். பிறகு அடித்த தாளும் கூப்பிட்டது.

கடைசியில் மனசு விட்டுப்போய், ஃபைலின் உச்சிக்குப் போய் நின்ற கர்சரை அப்படியே விட்டுவிட்டு, கீபோர்டில் தலை சாய்த்து அழுதாள். நெற்றி எண்டர் கீயில் பட்டிருக்க வேண்டும். நிமிர்ந்து பார்த்தபோது திருநீற்றுக்கு அடியிலிருந்து ஒரு வரி கீழே இறங்கி வந்திருந்தது. வரியின் தலையில் ஒரு புள்ளி. இப்படிப் புள்ளி வைத்து மேலே எழுதினால் அது தாளின் அடியில் அச்சாகும் என்று இன்ஜினியர் சொன்னது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

"அண்ணாச்சி! கண்டுபிடிச்சிட்டேன்! அழிச்சிரட்டுமா?"

அண்ணாச்சி பதறிவிட்டார். "எம் மக கல்யாணத்துக்கு முதமுதல்ல அடிச்ச வரிட்டி! அவ புகுந்த வீட்டுல நல்லா இருக்கது ஒனக்குப் பிடிக்கலையா? இருந்த எடத்துலயே வையி."

"அப்ப வக்கீலுக்கு என்ன சொல்லுதது?"

அண்ணாச்சி நெடுநேரம் யோசித்தார். "வரியை எடுக்க முடியாது. ஆளை எடுக்கலாம். ஒன்னை வேலையை விட்டு நிறுத்திட்டேன்னு ஒரு உத்தரவு நீயே அடி."

அவளுக்கு ஆத்திரமாக வந்தது. சொன்னபடியே வரியைத் திருநீற்றுக்குள் ஏற்றிவிட்டு, அழுதுகொண்டே தன் உத்தரவைத் தானே அடித்தாள். இங்கிலீஷில் தன் பெயரைத் தவிர வேறெதையும் வாசிக்கத் தெரியாத அண்ணாச்சி, பெயரைக் கண்டதும் கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் காலையில் கடை வாசலில் கூட்டம். குழல்வாய்மொழி, அம்மா சங்கரம்மாள், சித்திமார், கூடப் பீடி சுற்றும் பெண்கள். வழியில் பார்த்துச் சேர்ந்துகொண்ட ஜப்பாரும் ராபியாவும் குடையோடு நின்றார்கள். விஷயம் தீர்ந்ததா என்று பார்க்க வந்த வக்கீலும் மாட்டிக்கொண்டார்.

"என்னட்டி இது?"

"நீங்கதான வரச் சொல்லியிருக்கீங்க அண்ணாச்சி. குடும்பத்தோடயும் நண்பர்களோடயும்." உத்தரவை நீட்டினாள். "கையெழுத்து ஒங்களுதுதான்."

அண்ணாச்சி தாளை வக்கீலிடம் தள்ளினார். வக்கீல் மேலே வாசித்தார், கீழே வாசித்தார். ஜப்பார் ஏதோ சொல்ல வாயெடுத்ததும், தின்ற அல்வா ஞாபகம் வந்து, குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார்.

அண்ணாச்சி கூட்டத்தைப் பார்த்தார். கூப்பிட்டு வந்தவர்களை வெறும் வாயோடு அனுப்பிய வழக்கம் அவர் வம்சத்திலேயே கிடையாது.

"ஏட்டி, எல்லாருக்கும் காப்பி சொல்லு" என்றார்.

"நான்தான் வேலையில இல்லையே அண்ணாச்சி."

பெண்கள் பெஞ்சில் இடம் பிடித்து உட்கார ஆரம்பித்திருந்தார்கள்.

"இருக்கேட்டி, இருக்கே! போய்ச் சொல்லு!"

குழல்வாய்மொழி முதலில் தன் நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். அங்கிருந்தபடியே எதிர்க்கடைக்குக் குரல் கொடுத்தாள்.