பதினைந்தாவது மட்டை

வெள்ளிக்கிழமை மாலை பல் மருத்துவர் தன் கோல்ஃப் பையைக் கூடத்தில் கவிழ்த்து, பதினான்கு மட்டைகளையும் தரையில் வரிசையாகப் படுக்கவைத்தார். பையில் பதினான்குக்கு மேல் ஒன்றுகூட இருக்கக் கூடாது என்பது அந்த ஆட்டத்தின் சட்டம். பதினைந்தாவது, உறை பிரிக்காமல், சோபாவில் விருந்தாளி மாதிரி சாய்ந்திருந்தது. ஹைப்ரிட் என்பார்கள். இரும்பு மட்டையையும் பருத்த தலை கொண்ட கட்டை மட்டையையும் கலந்து செய்தது. அடிப்பவர் கையில் பழைய வேகம் இல்லாவிட்டாலும் பந்துக்கு அடியில் புகுந்து அதைத் தூக்கிவிடும். அது உள்ளே வர வேண்டுமானால் நான்காம் நம்பர் இரும்பு வெளியே போக வேண்டும். இதைத் தீர்மானிக்க ஒரு மனிதருக்கு எவ்வளவு நேரம் ஆகும்? அவருக்கு ஏழு மாதம் ஆகியிருந்தது.

நான்காம் நம்பர் இரும்பு லேசில் யாருக்கும் படியாது. நீளமான தண்டு, கத்தி போல மெலிந்த முகம். வேகமாகவும் துல்லியமாகவும் வீசினால்தான் பந்து எழும்பும். இல்லாவிட்டால் தரையோடு தரையாக ஓடி மானத்தை வாங்கும். பதினோரு வருடங்களுக்கு முன்னால் அதே மட்டையால் மருத்துவர் ஏழாவது குழியில் குட்டையைத் தாண்டி ஒரே அடியில் பந்தை, குழியில் நட்ட கொடிக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினார். அந்தக் கதையைக் கேட்காதவர்கள் அந்த மைதானத்தில் புதிதாகச் சேர்ந்தவர்கள் மட்டும்தான். அந்த நாட்களில் ஹைப்ரிட் வைத்திருப்பவர்களைக் கண்டால் "என்ன சார், ஊன்றுகோலோட வந்திருக்கீங்க?" என்று கேட்பார். எல்லோரும் சிரிப்பார்கள். சிரித்தவர்கள் ஒவ்வொருவராக ஹைப்ரிட்டுக்கு மாறிவிட்டார்கள். அவர் மட்டும் தன் நகைச்சுவைக்குக் காவல் நின்றுகொண்டிருந்தார்.

ஒரு வருடமாகப் பந்து எழும்பவில்லை. முதலில் காற்றைக் குறை சொன்னார். பிறகு புல், ஈரம், பந்து தயாரிக்கிறவர்கள். குறை சொல்ல வேறு எதுவும் மிச்சமில்லை என்றானபோது அவருடைய மைத்துனர், மனைவியின் தம்பி, அவரை மைதானத்தை ஒட்டியிருந்த மட்டைக் கடைக்குக் கூட்டிப்போனார். மைத்துனர் கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். எதையும் அளந்து பார்க்காமல் நம்ப மாட்டார். கடைக்காரர் வலைக்கு முன்னால் பந்தை வைத்து, நான்காம் நம்பரால் பத்து அடி அடிக்கச் சொல்லி, திரையில் விழுந்த எண்களைக் காட்டினார்.

"டாக்டர், நான் எதுவும் சொல்லல. மிஷின்தான் சொல்லுது."

"மிஷின் பழசோ?"

"போன வாரம்தான் வந்துச்சு," என்றார் கடைக்காரர் வருத்தத்தோடு. பிறகு வீச்சில் வேகம் குறைந்தது மட்டுமல்ல, அடிக்கும் நொடியில் வலது கைப்பிடி தளர்ந்து மட்டையின் முகம் திரும்பிவிடுகிறது என்றும் காட்டினார். கட்டைவிரல், சார். இந்த வயசுல எல்லாருக்கும் வர்றதுதான், சார். மைத்துனர் அங்கேயே ஒரு ஹைப்ரிட்டை வாங்கி அத்தானின் கையில் திணித்தார்.

மருத்துவர் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ஒன்றும் பேசவில்லை. மைத்துனர் அதை ரோஷம் என்று நினைத்தார். கட்டைவிரல் என்ற சொல்தான் அவரை அடைத்துப் போட்டிருந்தது. மட்டையைப் பிடிப்பதும் அதே விரல், பல்லைப் பிடுங்குவதும் அதே விரல்.

அது ஏழு மாதத்துக்கு முன்னால். பயந்தது கடைசியில் நடந்தே விட்டது. போன மாதம், கடைவாய்ப் பல் பிடுங்க ஒரு அம்மா வந்திருந்தார். பஸ் டிரைவர். நாற்காலியில் உட்கார்ந்ததுமே, இருபத்திரண்டு வருடத்தில் வண்டியில் ஒரு கீறல் விழுந்ததில்லை என்று பெருமையாகச் சொன்னவர். மருத்துவமனை சின்னது, மருத்துவரும் அவர் மகளும்தான் அங்கே மருத்துவர்கள். பிடுங்கும் வேலை என்றால் அவர் நாற்காலியின் வலப்பக்கம் நிற்பார். மகள் இடப்பக்கம் நின்று உறிஞ்சுகுழாய் பிடிப்பாள். அன்று பல்லை நெம்பும் கருவியை அழுத்தியபோது கட்டைவிரல் விட்டுவிட்டது. கருவி வழுக்கி நாக்கின் ஓரத்தைக் கிழித்தது. மூன்று தையல். ரத்தத்தைப் பார்த்த நொடியில் அவர் வாயிலிருந்து, யோசித்துச் சொல்லாமல், தானாக வந்த வார்த்தை: "அசைஞ்சிட்டீங்களேம்மா!"

வாயில் பஞ்சோடு அந்த அம்மா, "சாரி டாக்டர்" என்றார்.

தையலை மகள்தான் போட்டாள். பிறகு கணினிக்கு முன்னால் உட்கார்ந்து, "என்ன எழுதட்டும்ப்பா?" என்று கேட்டாள். நோயாளி அசைந்ததால் என்று அவர் சொன்னார். அவள் திரும்பி அவரை ஒரு நொடி பார்த்தாள். சொன்னபடி எழுதினாள். நாற்காலிக்கு அந்தப் பக்கம் ஒரு முழ தூரத்தில் நின்றவளுக்கு யார் அசைந்தார்கள் என்று தெரியாதா என்ன? அதன் பிறகு இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. ஒரே வீட்டில் சாப்பிட்டு, ஒரே காரில் போய், ஒரே அறையில் வேலை செய்துகொண்டு ஒரு விஷயத்தைப் பேசாமலிருப்பது எளிதான காரியமில்லை. இருவரும் அதை நன்றாகவே செய்தார்கள்.

வெள்ளிக்கிழமை மாலை தரையில் கிடந்த மட்டைகளைத் தாண்டி மகள் வந்தாள். சாவியை ஆணியில் மாட்டினாள்.

"எது போகுது?"

"இன்னும் முடிவு பண்ணல."

"அப்பா, திங்கக்கிழமை அந்த டிரைவரம்மா வர்றாங்க. மறு பக்கத்துப் பல்லுக்கு."

"தெரியும்."

"நான் பாக்கட்டுமா?"

"ஏன்?"

"சும்மாதான்."

"என் பேஷன்ட்டும்மா. நான் பாத்துக்கறேன்."

அவள் உள்ளே போனாள். அவர் நான்காம் நம்பரை எடுத்துச் சுவர் மூலையில் சாத்திவிட்டு ஹைப்ரிட்டைப் பைக்குள் வைத்தார். மனைவி வந்து, "அப்பாடா, ஒரு வழியா" என்றார். அந்த அப்பாடா அவருக்குப் பிடிக்கவில்லை. மறுநாள் காலை புறப்படும்போது, காருக்குப் போனவர் திரும்பி வந்து, மூலையில் இருந்ததையும் எடுத்துப் பைக்குள் செருகிக்கொண்டார். ஆட்டம் தொடங்குவதற்குள் இரண்டில் ஒன்றை வெளியே எடுத்துவிடலாம். மைதானத்தைப் பார்த்தால் எது என்று மனசுக்குத் தெரிந்துவிடும் என்று நினைத்தார்.

மனசுக்கு ஒன்றும் தெரியவில்லை. கார் நிறுத்துமிடத்தில் மைத்துனர் பிடித்துக்கொண்டார். அன்றைக்கு ஜோடிப் போட்டி. இருவரும் ஒரு அணி. மைத்துனர் மூன்று வருடமாக அந்தக் கோப்பைக்காகத் தவம் கிடக்கிறவர். எதிரணியின் பலவீனங்களை விரலை மடக்கி மடக்கி எண்ணிக்காட்டியபடியே அத்தானைத் தள்ளிக்கொண்டு போனார். முதல் இரண்டு குழிகளிலும் எல்லாமே அவர்களுக்குச் சாதகமாக அமைந்தது. மைத்துனர் சீட்டியடிக்கத் தொடங்கினார்.

மூன்றாவது குழிக்குப் போகும் வழியில், தள்ளுவண்டியிலிருந்த பையில் கையுறையைத் தேடியபோதுதான் மருத்துவர் பார்த்தார். ஹைப்ரிட்டின் புது உறைக்குப் பக்கத்தில் நான்காம் நம்பரின் மெலிந்த முகம் எட்டிப்பார்த்தது. எண்ண வேண்டிய அவசியமே இல்லை. இருந்தாலும் எண்ணினார். பதினைந்து.

எதிரணிக்காரர்கள் முன்னால் போய்க்கொண்டிருந்தார்கள். யாரும் பார்க்கவில்லை. போகிற வழியில் ஒரு புதர் இருந்தது, குப்பைத்தொட்டியும் இருந்தது. அவர் எதையும் பார்க்காமல் குரல் கொடுத்தார்.

"சார், ஒரு நிமிஷம். என் பையில பதினஞ்சு இருக்கு. தப்பு என்னோடதுதான்."

குறைந்த அடிகளில் முடிப்பவர் ஜெயிக்கும் ஆட்டத்தில், ஒரு குழிக்கு இரண்டு அடி அபராதம். முடிந்த குழிகள் இரண்டு. நான்கு அடிகள், அணிக்கு. மைத்துனரின் முகத்திலிருந்து சீட்டி வடிந்துபோனது. எதிரணிக்காரர் ஒருவர் வந்து மருத்துவரின் தோளில் தட்டி, "உங்கள மாதிரி ஆளு பல் டாக்டரா கிடைக்கறது ஜனங்க செஞ்ச புண்ணியம் சார்" என்றார். கிண்டலாகச் சொல்லவில்லை. நிஜமாகவே சொன்னார். மருத்துவர் பையின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கூடுதலாக இருப்பதை உடனே ஆட்டத்திலிருந்து விலக்க வேண்டும். பையில் தலைகீழாகச் செருகிவிட்டால் போதும். எது என்று சொல்ல வேண்டும். மூன்று பேர் அவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஏழு மாதம் எடுத்துக்கொண்ட விஷயத்துக்கு இப்போது அரை நிமிடம்தான் கிடைத்தது. அவர் நான்காம் நம்பரை உருவி, தலை கீழே போகும்படி செருகினார்.

"இத மொதல்லயே பண்ணிருக்கலாமே அத்தான்!" என்றார் மைத்துனர். அழாத குறை.

"பண்ணிருக்கலாம்டா."

ஐந்தாவது குழியில், கொடிக்கு நூற்று எண்பது கஜம் இருந்தபோது, ஹைப்ரிட்டால் அடித்தார். எந்தச் சிரமமும் இல்லாமல் பந்து எழுந்து, வெயிலில் கொஞ்ச நேரம் நின்று, கொடிக்கு முன்னால் மெத்தென்று இறங்கியது. மைத்துனர் கோபத்தை மறந்து கத்தினார். மருத்துவருக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அந்தச் சந்தோஷத்துக்குள்ளேயே வெட்கமாகவும் இருந்தது. ஒரு கோப்பை ஆட்டத்தில் யாரும் கேட்காமலே வாயைத் திறந்தவர், மூன்று தையலுக்குத் திறக்கவில்லை. புல்வெளியில் நடந்தபடி இதை அவர் பலமுறை தனக்குத்தானே சொல்லிப்பார்த்தார். ஒவ்வொரு முறையும் அது அப்படியேதான் இருந்தது. போட்டியில் மூன்று அடி வித்தியாசத்தில் தோற்றார்கள். மைத்துனர் திரும்பும் வழியில் வானொலியைச் சத்தமாக வைத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை காலை பத்தரை மணிக்கு டிரைவரம்மா வந்தார். சீருடையில் இருந்தார், விடுப்பு எடுக்காமல் பஸ்ஸின் இரண்டு ஓட்டங்களுக்கு நடுவில் வந்திருந்தார். நாற்காலியில் சாய்ந்ததும் இரண்டு கைகளாலும் கைப்பிடிகளை இறுக்கிப் பிடித்தார். குதிகால்களை நாற்காலியின் விளிம்பில் முட்டுக்கொடுத்துக்கொண்டார். மகள் இடப்பக்கம் நின்று விளக்கை இழுத்துச் சரிசெய்தாள்.

"இந்தத் தடவ அசையவே மாட்டேன் டாக்டர்," என்றார் அந்த அம்மா. "வேணும்னா கைய கட்டிப்போட்டுக்கூட வேல பாருங்க."

மருத்துவர் தட்டிலிருந்து எடுத்த ஊசியைத் திரும்ப வைத்தார். அது தட்டில் மோதிய சத்தத்துக்கு மகள் நிமிர்ந்தாள்.

"நீங்க அன்னைக்கும் அசையலம்மா."

"என்ன டாக்டர்?"

"என் கைதான் வழுக்கிச்சு. நீங்க அசைஞ்சீங்கன்னு நான் சொன்னது பொய்."

 இரைந்துகொண்டிருந்த உறிஞ்சுகுழாயை மகள் நிறுத்தினாள். அந்த அம்மா மருத்துவரைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், மறுபடியும் மருத்துவரைப் பார்த்தார். திட்டுவார் என்று மருத்துவர் எதிர்பார்த்தார். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தார்.

"ஒரு மாசமா நான் என் மேலயே சந்தேகப்பட்டுட்டு இருக்கேன் டாக்டர்," என்றார் அந்த அம்மா மெதுவாக. "எனக்குத் தெரியாமயே உடம்பு அசையுதுன்னா, வண்டியில என்ன ஆகும்? அம்பது பேரு ஏறுற வண்டி. டிப்போ டாக்டர்கிட்ட போய் நரம்பு டெஸ்ட்டெல்லாம் எடுத்துட்டேன். என் வீட்டுக்காரர்கிட்ட, வேலைய விட்றட்டுமான்னு கேட்டேன்."

இதை மருத்துவர் நினைத்துப் பார்த்ததே இல்லை. நாக்கில் விழுந்த தையல் நான்கு நாளில் ஆறும் என்றுதான் கணக்கு வைத்திருந்தார். மன்னிச்சுடுங்க என்று சொன்னார். அது அந்த அறைக்கே போதவில்லை.

"இன்னைக்கு நான் எடுக்கறேன்மா," என்றாள் மகள். "இல்ல, வேற இடத்துக்குப் போறேன்னு சொன்னாலும் எழுதித் தர்றேன். அன்னைக்கு எழுதினதையும் மாத்திடறேன். நானும் பாத்துட்டுதான் இருந்தேன்."

அந்த அம்மா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். அடுத்த ஓட்டம் பன்னிரண்டு மணிக்கு. கன்னத்தின் மேல் கையை வைத்து வலிக்கும் இடத்தை அழுத்திப் பார்த்தார்.

"நீங்க எடுத்தா, அவரு எங்க நிப்பாரு?"

"இந்தப் பக்கம். குழாய மட்டும் பிடிச்சுப்பாரு."

அந்த அம்மா கன்னத்திலிருந்து கையை எடுத்துத் தலையைச் சாய்த்துக்கொண்டார். மகள் கையுறையை மாற்றிக்கொண்டு வலப்பக்கம் போனாள். மருத்துவர் நாற்காலியின் கால்மாட்டைச் சுற்றி இடப்பக்கம் வந்தார். அவருடைய பழக்கத்துக்கு எல்லாமே இடம் மாறியிருந்தது. விளக்கின் கைப்பிடி எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியிருந்தது. குழாயை இடதுகையால் எடுத்தார். மகள் குனிந்து, "வாயத் திறங்கம்மா" என்றாள். அந்த அம்மா திறந்தார். எல்லோரும் செய்வதுபோலக் கண்ணை மூடிக்கொள்ளவில்லை. ஊசி இறங்கியபோதுகூட, வெளிச்சத்தில் இமைக்காமல், குழாயைப் பிடித்திருந்த மருத்துவரின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.