தனியாக வராத சொற்கள்

பாளையங்கோட்டையில் நர்ஸ் வேலை பார்க்கும் ஃபெபிக்கு அயர்லாந்தில் வேலை தயாராக இருந்தது. குறுக்கே நின்றது ஆங்கிலப் பேச்சுத் தேர்வு ஒன்றுதான். இரண்டு முறை தோற்றாயிற்று. இந்த முறையும் போனால் வேலை வேறொருத்திக்குப் போய்விடும்.

சேரன்மகாதேவியிலிருந்து அவளோடு பஸ்ஸில் வருகிற ஹமீது பீவியும் அதே வார்டு நர்ஸ்தான். பத்தமடை தாண்டியதும் ஃபெபி பேசிப் பழகினாள். ஊசி போடுவதற்கு 'புட் இன்ஜெக்‌ஷன்' என்றதும் பீவி சிரித்துவிட்டாள். போடு என்றால் புட் தானே என்று ஃபெபி சண்டைக்குப் போனாள்.

"ஏட்டி, காப்பி போடுதோம், கட்டு போடுதோம், கையெழுத்து போடுதோம். எதைத் தூக்கி எங்கன போட்டோம்?"

பீவி கேட்டதை ஃபெபி யோசித்துப் பார்த்தாள். காப்பியைப் போடுகிறவள் தோசையைப் போடுவதில்லை, சுடுகிறாள், இட்லியை அவிக்கிறாள். யாரும் சொல்லித் தரவில்லை, காது அறிந்துவைத்திருக்கிறது. ஆங்கிலத்திலும் அப்படித்தான்! ஊசி 'கிவ்'வைக் கூப்பிடுகிறது. தப்பு 'மேக்'கைக் கூப்பிடுகிறது. விரித்துச் சரிசெய்கிற படுக்கைக்கும் அதே 'மேக்'. தச்சர் யாரும் தேவையில்லை. 'லெட் மீ' என்று தொடங்கினால் பின்னால் வருவது 'செக்', வெறும் 'செக்'. நடுவில் 'டு' நுழைய இடமில்லை. இவ்வளவு சின்னச் சொற்களுக்குள் இத்தனை ஒழுங்கா என்று அவளுக்கு வியப்புத் தாங்கவில்லை. அன்றிலிருந்து ஒற்றைச் சொல்லைப் படிப்பதை விட்டாள். சொல்லை அதன் துணையோடு சேர்த்தே வாயில் ஏற்றிக்கொண்டாள்.

தேர்வில், கணினித் திரையில் தெரிந்த பெண் ஊசிக்குப் பயந்த நோயாளியாக நடித்தாள். போன தடவைகளில் தமிழில் யோசித்து, ஒவ்வொரு சொல்லாகத் தேடி, ஃபெபி திணறியிருந்தாள். இப்போது தேடவில்லை.

"டேக் யுவர் டைம்," என்றாள். "லெட் மீ சிட் வித் யூ."

வார்டில் பேசுவது போலவே இருந்தது. அந்தப் பெண் மூச்சை இழுத்துவிட்டு, சரி என்று கையை நீட்டினாள்.

முடிவு வந்தபோதும் இருவரும் பஸ்ஸில்தான் இருந்தார்கள். ஃபெபி போனை நீட்டினாள். பீவி இரண்டு தடவை படித்துவிட்டு, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அங்கன போயி யாரு கூடட்டி சண்டை போடுவ?"

"அங்கன சண்டை போட மாட்டாவ," என்றாள் ஃபெபி. "ஃபைட்டுக்கு 'ஹேவ்'தான் வரும். நீயும் பைய படிச்சு வந்து சேரு, சேர்ந்தே ஹேவ் பண்ணுவோம்."