ஊசிமுனையின் வீட்டிலிருந்து

அச்சகத்தில் அவருக்கு ‘ஒற்று’ என்று பெயர். பிழை திருத்துவது வேலை. ஓர் ஒற்றெழுத்து விட்டுப்போயிருந்தால்கூட எழுதினவரைத் தேடிக்கொண்டு மாடியேறிப் போய்விடுவார். வரும்போது நூல் வாங்கி வாருங்கள் என்று மனைவி போனில் செய்தி அனுப்பினால், அதையும் திருத்தித் திருப்பி அனுப்புவார். நூல் மட்டும் வீடு வந்து சேராது.

மனைவி முன்னறையில் மிஷின் போட்டுக் குழந்தைகளுக்குச் சட்டையும் கவுனும் தைக்கிறாள். தையல்காரர்கள் கூடிப் பேசும் இணைய மன்றம் ஒன்றில் அவள் பெயர் ஊசிமுனை. பாபின் சிக்கிக்கொண்டது, கழுத்துத் துணி இழுத்துக்கொண்டது என்று யார் வந்து புலம்பினாலும் அடுப்பை அணைத்துவிட்டு வந்து பதில் எழுதுவாள். முகம் தெரியாதவர்கள் எல்லாம் அவளை அக்கா என்றார்கள். வீட்டுக்கு வெளியே அவளுக்கென்று இருந்த இடம் அது ஒன்றுதான்.

தைத்ததை விற்க அவள் ஒரு வலைத்தளமும் வைத்திருந்தாள். அதன் ஒவ்வொரு வரியையும் ஒற்றுதான் இழைத்துக் கொடுத்தார். தளத்தில் பிழையும் இல்லை, ஆளும் இல்லை. மன்றத்தில் அந்த லிங்கைப் போடேன் என்றார். மாட்டேன் என்றாள். அங்கே கடை வைத்திருப்பவர்கள் தாமாக லிங்க் போடக் கூடாது, யாராவது கேட்டால்தான் சொல்லலாம். யாருடைய எழுத்தையும் கிண்டல் செய்யக் கூடாது என்றும் ஒரு விதி உண்டு, பாதிப்பேர் பள்ளிக்கூடத்தோடு எழுதுவதை விட்டவர்கள் என்பதால். இத்தனை பேர் அக்கா அக்கா என்று சுற்றியும் ஒரு சட்டை விற்கத் துப்பில்லையே என்று அவருக்கு எரிச்சல். பிழைக்கத் தெரியாதவள் என்று முடிவுகட்டி, அவள் நல்லதுக்குத்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, அவளுக்குத் தெரியாமல் காரியத்தில் இறங்கினார்.

மன்றத்தில் இரண்டு பெயர்களில் சேர்ந்தார். ‘புதுஅம்மா’ என்கிறவள் குழந்தைக்கு மெத்தென்ற சட்டை எங்கே கிடைக்கும் என்று கேட்டாள். ‘பூந்துணி’ என்கிறவள் லிங்கைக் கொடுத்து, நானே வாங்கினேன், தையல் பிரமாதம் என்றாள். இருவரும் ஒருவர்தான் என்று தெரியாமலிருக்க புதுஅம்மாவைத் தப்பும் தவறுமாக எழுதவைத்தார். ஒவ்வொரு பிழையும் பல்லைப் பிடுங்குகிற மாதிரி இருந்தது. முடித்துவிட்டுத் தன் சாமர்த்தியத்தைத் தானே மெச்சிக்கொண்டார்.

அதோடு நிறுத்தியிருந்தால் தப்பித்திருப்பார். புதிதாகத் தையல் பழகும் பெண் ஒருத்தி, இந்தத் துணி சாயம் போகுமா என்று அதன் கீழே கேட்டாள். நாலு வரி, வரிக்கு நாலு பிழை. போகாது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் கை நமநமத்தது. பூந்துணி அந்தப் பெண்ணின் வரிகளை ஒவ்வொன்றாகத் திருத்திக் காட்டி, முதலில் எழுதக் கற்றுக்கொள்ளுங்கள், அப்புறம் தைக்கலாம் என்று முடித்தாள். அந்தப் பெண்ணுக்கு வாரக்கணக்காகச் சட்டைக்குக் கை வெட்டச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தது ஊசிமுனை என்பது அவருக்குத் தெரியாது.

அந்தப் பெண்ணுக்காக ஊசிமுனைதான் மன்ற நிர்வாகியிடம் முறையிட்டாள். நிர்வாகி தோண்டிப் பார்த்தார். புதுஅம்மா, பூந்துணி, ஊசிமுனை மூவரும் ஒரே வீட்டு இணைய இணைப்பிலிருந்து வருகிறார்கள் என்று எல்லோரும் பார்க்கும்படி அறிவித்தார். தன் கடைக்குத் தானே ஆள் பிடித்து, கேட்டவளைக் கேவலமும் படுத்தியதற்காக ஊசிமுனையின் கணக்கை முடக்குவதாக எழுதினார். விளக்கம் இருந்தால் மின்னஞ்சல் அனுப்பலாம் என்றார்.

ஒற்று மாலையில் வீட்டுக்குள் நுழைந்தபோது மிஷின் ஓடவில்லை. அவள் அழுது முடித்து முகம் கழுவியிருந்தாள். நடந்ததைச் சொன்னாள். யாரோ நம்முடைய இணைப்பில் புகுந்துவிட்டார்கள் போல, பக்கத்து வீட்டுக்கு எப்போதோ பாஸ்வேர்டு கொடுத்தோமே என்றாள். அவருக்கு முகத்தில் ஈயாடவில்லை. அதை அவள் தனக்காகப் படுகிற வருத்தம் என்று எடுத்துக்கொண்டாள். அதுதான் அவரை இன்னும் குறுகவைத்தது.

“நிர்வாகிக்கு எழுதியிருக்கேன். நீங்க ஒரு தடவ பாத்துக் குடுங்க” என்று போனை நீட்டினாள்.

அவர் வாங்கிப் படித்தார். அந்தப் பதிவுகளை எழுதியது தான் இல்லை என்று எழுதியிருந்தாள். வீட்டில் தன்னையும் தன் கணவரையும் தவிர யாரும் கிடையாது, அவர் பொய்ப்பெயரில் எழுதுகிற ஆள் இல்லை, யாரையும் மனம் நோகப் பேசுகிறவரும் இல்லை என்று எழுதியிருந்தாள். ஓரிடத்தில் ஓர் ஒற்று விட்டுப்போயிருந்தது. பழக்கதோஷத்தில் விரல் அதைப் போட்டது. போட்ட பிறகு அந்த விரலைப் பார்க்கவே அவருக்குக் கூசியது.

“அனுப்பட்டுமா?”

“வேண்டாம்.”

“ஏங்க, தப்பு இருக்கா?”

அவர் தன்னைப் பற்றிய வரியின் மேல் விரலை வைத்தார். அவள் அந்த வரியைப் படித்தாள். அவரைப் பார்த்தாள். மறுபடி வரியைப் படித்தாள். பிறகு போனை வாங்கிக் கடிதம் முழுவதையும் அழித்தாள்.

அவள் திட்டியிருந்தால் அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும். மிஷினுக்கு உறை போட்டு மூடினாள். அவர் ஒரு தாளை எடுத்து உட்கார்ந்து, எல்லாம் தன் வேலை, மனைவிக்கு ஒன்றும் தெரியாது என்று தன் சொந்தப் பெயரைப் போட்டு எழுதிக் கொண்டுவந்து கொடுத்தார். பிழையில்லாமல்தான் இருந்தது.

“நல்லா எழுதியிருக்கீங்க” என்றாள். “ஆனா யாரு நம்புவாங்க? இந்த வீட்லேந்து எது போனாலும் நான் எழுதினதுதான். இப்ப புருஷன் பேர்லயும் எழுத ஆரம்பிச்சுட்டாள்னு சொல்லுவாங்க.”

அவர் தாளை மடித்துக்கொண்டு நின்றார். அது உண்மை என்று அவருக்கும் தெரிந்தது.

கணக்கு முடங்கினாலும் மன்றத்தைப் படிக்க முடியும். அடுத்த சில நாட்கள் அவள் படிக்க மட்டும் செய்தாள். தையல் பழகும் அந்தப் பெண், கையைத் தூக்கினால் சட்டை முழுக்க மேலே ஏறுகிறது என்று கேட்டிருந்தாள். ஒருவரும் பதில் சொல்லவில்லை.

“அக்குள்கிட்ட ஆர்ம்ஹோல ரொம்ப எறக்கி வெட்டியிருக்க. கொஞ்சம் மேல ஏத்து, சரியாயிடும்” என்றாள் அவள் போனைப் பார்த்து. அங்கே கேட்க ஆளில்லை.

ஒற்றுக்கு மனம் தாங்கவில்லை. ஏதாவது செய்தாக வேண்டும் போலிருந்தது.

“நான் வேணா ஆபீஸ்லேந்து இதப் போட்டுவிடட்டுமா? அது வேற இணைப்புதான்.”

அவள் தலை நிமிர்ந்தாள்.

“என்ன பேர்ல?” என்று கேட்டாள்.